ஒரு பைப் ஜாயின்ட்டின் கதை

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, முதலில் ஒரு கவிதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நம் மலரில் கவிதைக்கா பஞ்சம்? நிலாவும் நட்பும் அம்மாவும் இந்நேரம் ஆளுக்கு நாலு பக்கம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் நான் ஒரு பைப் ஜாயின்ட்டைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் எழுபத்தெட்டு மார்க் வாங்கியவன் நான். ஆனால் அந்தப் பாடம் எனக்குப் புரிந்தது பரீட்சை ஹாலில் அல்ல. எங்கள் ஊர் ஓடையோரத்தில், முழங்கால் சேற்றில் நின்றபோதுதான் புரிந்தது.

என் ஊர் கொல்லிமலையில் பைல் நாடு. ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாளே, "பைல் நாடா? அதென்னப்பா, பைல் ஃபவுண்டேஷன் போட்ட நாடா?" என்று சீனியர் அண்ணன்மார்கள் கேலி பண்ணினார்கள். கொல்லிமலையில் பதினான்கு நாடுகள் உண்டு. வளவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று போகும் வரிசையில் எங்களுடையதும் ஒன்று. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரவேண்டும். வல்வில் ஓரி ஆண்ட மலை, கொல்லிப்பாவை காக்கும் மலை என்று சுற்றுலா வருபவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எங்களுக்கு அது சாமையும் ராகியும் மரவள்ளிக் கிழங்கும், சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடியும், விடிந்ததும் இடுப்பில் ஏறும் தண்ணீர்க் குடமும்தான்.

அந்தக் குடத்தில்தான் கதை ஆரம்பிக்கிறது.

எங்கள் சிற்றூருக்கு மேலே, அரை கிலோமீட்டர் தள்ளி, பாறை இடுக்கில் ஒரு ஊற்று இருக்கிறது. கோடையிலும் வற்றாது. பாட்டி காலத்திலிருந்து பெண்கள் அங்கே ஏறிப்போய்த்தான் மொண்டு வருவார்கள். மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து கை ஒடித்துக்கொண்டவர்கள் உண்டு. என் அம்மாவும் ஒருத்தி. இரண்டாம் ஆண்டு பரீட்சை முடிந்து லீவுக்குப் போனபோது, எனக்குள் இருந்த இன்ஜினியர் சும்மா இருக்கவில்லை. ஊற்று மேலே, ஊர் கீழே. மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஒரு ஓஸ் பைப் இருந்தால் தண்ணீர் தானாக இறங்கி வந்துவிடும் அல்லவா?

பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் ஒரு பழைய தொட்டி சும்மா கிடந்தது. ஊர்க் கவுண்டரிடம் பேசி, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, கருப்பு ஓஸ் ஐந்து சுருள் வாங்கி வந்தோம். சுருள் நூறு மீட்டர். ஐந்து சுருள் என்றால் நான்கு ஜாயின்ட். மூன்றுக்குக் கிளாம்ப் கிடைத்தது. நான்காவதுக்கு ஒன்று குறைந்துவிட்டது. அதற்காக யார் எழுபது வளைவு இறங்குவது? பழைய சைக்கிள் டியூபை அறுத்து, இறுக்கிச் சுற்றி, கட்டுக்கம்பி போட்டு முறுக்கிவிட்டேன். "அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொன்னதும் நான்தான்.

தொட்டியில் தண்ணீர் விழுந்த அன்று ஊரே கூடியது. எனக்குச் சந்தனம் வைத்தார்கள். அன்றிலிருந்து என் பெயரே மறந்துபோய் எல்லாருக்கும் நான் "இன்ஜினியரு". மேட்டு வீட்டு ஆயா ஒருத்தி மட்டும், "பைப்புத் தண்ணி ரப்பர் வாடை அடிக்குது கண்ணு, எனக்கு ஊத்துத் தண்ணிதான் சரி" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலேயே போனாள். அந்தப் பக்கத்து வீடுகள் சிலவும் ஊற்றுக்குக் கிட்டத்தில் இருந்ததால் பழைய வழியிலேயே இருந்துவிட்டன. பிற்போக்குவாதிகள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கடந்த ஐப்பசியில், தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு அம்மா போன் பண்ணினாள். "குட்டிக்கு ரத்தமாப் போவுதுடா. இங்க நெறைய பேருக்கு வயித்துக் கடுப்பு. நீ வர்றப்ப குளுக்கோஸ் பாக்கெட்டு வாங்கிட்டு வா." குட்டி என்பது என் அக்கா மகள். இரண்டு வயது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஊரில் பட்டாசுச் சத்தமே இல்லை. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. குட்டி அக்கா தோளில் துணி மாதிரித் தொங்கிக் கிடந்தாள். கண் உள்ளே போயிருந்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை. ஒரு நாளில் பதினைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சளி, கொஞ்சம் ரத்தம். அன்று இரவே அவளைப் போர்வையில் சுற்றி ரோடு வரை தூக்கிப்போய் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் அக்கா கூட இருந்தாள். நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஏன் என்றால் மறுநாள் டாக்டரம்மா, நர்சம்மா, சுகாதார ஆய்வாளர் மூவரும் ஊருக்கு வருவதாகத் தகவல்.

பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தீபாவளிக்கு முந்திய கறிதான் காரணம் என்றார் ஒருவர். புது மரவள்ளிக் கிழங்கு என்றார் இன்னொருவர். சாமி குத்தம் என்றார் மூன்றாமவர். டாக்டரம்மா எல்லாருக்கும் மருந்து பார்த்துக்கொண்டிருக்க, ஆய்வாளர் சார் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து, "இங்க மேப் போடத் தெரிஞ்ச பையன் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். ஊரே என்னைக் கை காட்டியது. "இன்ஜினியரு இருக்காருங்க!"

நண்பர்களே, சர்வே பிராக்டிகலில் நாம் செயின் பிடித்ததும், பிளேன் டேபிளோடு வெயிலில் நின்றதும் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அரை மணி நேரத்தில் ஊரின் வரைபடம் போட்டுக் கொடுத்தேன். நாற்பத்தொரு வீடு, பள்ளிக்கூடம், அங்கன்வாடி, தொட்டி, ஓடை, ஊற்று எல்லாம் அதில் இருந்தன. சார் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி. பைப் லைனையும் போடு" என்றார். பெருமையாகச் சிவப்புப் பேனாவில் போட்டேன்!

பிறகு அவர் சொன்ன முதல் விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. "முதல்ல யாரை நோயாளின்னு எழுதறதுன்னு முடிவு பண்ணணும். இல்லன்னா தலைவலிக்காரனும் பட்டியல்ல வந்துடுவான்." ஒரு நாளைக்கு மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் அது வயிற்றுப்போக்கு. அதில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ரத்தம் இருந்தால் அது சீதபேதி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்றும் வரம்பு வைத்தார். அந்த அளவுகோலோடு வீடு வீடாகப் போனோம். பெயர், வயது, என்றைக்கு ஆரம்பித்தது, என்ன சாப்பிட்டார்கள், எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டோம். முக்கியமாக, நோய் வராதவர்களையும் கேட்டோம்.

"வராதவங்களை எதுக்கு சார் கேட்கணும்?" என்றேன்.

"வந்தவங்க எல்லாருமே சோறு தின்னவங்கதான். அதனால சோறுதான் காரணம்னு சொல்லிடலாமா? வராதவன் எதைச் செய்யல, அதுல இருக்கு விஷயம்."

பட்டியலில் முப்பத்தொரு பேர் வந்தார்கள். தேதி வாரியாகக் கட்டம் கட்டமாக அடுக்கினோம். நம் பில்டிங் டிராயிங்கில் செங்கல் அடுக்குகிற மாதிரி, ஒரு ஆளுக்கு ஒரு கட்டம். முதல் கட்டங்கள் தீபாவளிக் கறிக்குப் பல நாள் முன்பே விழுந்துவிட்டன. கறி தப்பித்தது. கிழங்கு எல்லா வீட்டிலும்தான் வெந்தது. கிழங்கும் தப்பித்தது. பலத்த மழை பெய்த நாளுக்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கட்டங்கள் மளமளவென்று உயர்ந்திருந்தன.

அப்புறம் வரைபடத்தில், நோய் வந்த வீடுகளில் ஆளுக்கு ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். வைத்துக்கொண்டே போனேன். பாதியில் என் கை மெதுவானது. புள்ளிகள் எல்லாம் தொட்டியைச் சுற்றிக் கிடந்தன. ஊற்றுத் தண்ணீர் குடிக்கும் மேட்டு வீடுகளில் மொத்தமே இரண்டு புள்ளிகள்தான். பைப் தண்ணீர் வீடுகளில் நாலு பேருக்கு ஒருவர் படுத்திருந்தார்.

"அந்த ரெண்டு பேர் யாரு?" என்றார் சார். ஒன்று, தினமும் அங்கன்வாடியில் சாப்பிடும் ஒரு சிறுமி. அங்கன்வாடிக்குத் தண்ணீர் தொட்டியிலிருந்துதான். இன்னொருத்தி, நோயில் கிடந்த பேரனின் துணியை அலசிக் கொடுத்த பாட்டி.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சார் எனக்கு லண்டன் கதை சொன்னார். 1854-ல் லண்டனில் பிராட் தெரு என்ற இடத்தில் காலரா வந்து, சில வாரங்களில் அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் இதே மாதிரி வீடு வீடாக விசாரித்து, சாவுகள் எல்லாம் அந்தத் தெரு அடிபம்பைச் சுற்றியே இருப்பதைக் கண்டார். பக்கத்திலிருந்த பீர் ஆலைத் தொழிலாளிகளில் யாரும் சாகவில்லை. அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிப்பதே இல்லை. தூரத்தில் வேறு ஊரில் இருந்த ஒரு அம்மாள் செத்துப்போனாள். அவளுக்கு அந்தப் பம்புத் தண்ணீர் ருசி பிடிக்கும் என்று தினமும் ஒரு பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் தணிய ஆரம்பித்திருந்தது என்றாலும், வழி எது என்று தெரிந்துவிட்டது. காலராக் கிருமியை அப்போது ஸ்னோ பார்த்ததுகூட இல்லை!

"அங்க வைட்ஹெட்னு ஒரு பாதிரியார் இருந்தாரு தம்பி. ஸ்னோ சொல்றது தப்புன்னு காட்டறதுக்காகவே அவரும் வீடு வீடாப் போனாரு. நேர்மையா விசாரிச்சாரு. கடைசியில ஸ்னோ சொன்னதுதான் சரின்னு அவரே ஒத்துக்கிட்டாரு. எனக்கு ஸ்னோவைவிட அந்தப் பாதிரியாரைத்தான் ரொம்பப் பிடிக்கும்."

சார் அதை என்னைப் பார்த்துச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

நானும் அப்போது வைட்ஹெட் நிலையில்தான் இருந்தேன். "சார், ஊத்துலயே அழுக்கு கலந்திருக்கும். பைப்புல என்ன இருக்கு?" என்று வாதாடினேன். அவர் வாதாடவில்லை. பையிலிருந்து இரண்டு சிறு பாட்டில்களை எடுத்தார். உள்ளே மருந்து தோய்த்த காகிதத் துண்டு. 1982-ல் நம் நாட்டுப் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சியாளர்கள் உலகுக்குச் சொல்லிக் கொடுத்த சோதனை அது. கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும். மலம் கலந்த தண்ணீர் என்றால் அதிலுள்ள பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கி, ஒன்றிரண்டு நாளில் காகிதத்தையும் தண்ணீரையும் கறுப்பாக்கிவிடும். ஒன்றில் ஊற்றுத் தண்ணீர், ஒன்றில் தொட்டிக் குழாய்த் தண்ணீர் பிடித்தேன். "குளிர்ல சரியா வராது, வெதுவெதுப்பா வை" என்றார். எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்தேன். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாளும் சரியாகத் தூங்கவில்லை.

இரண்டாம் நாள் காலை எடுத்துப் பார்த்தேன். ஊற்றுப் பாட்டில் தெளிவாக இருந்தது. தொட்டிப் பாட்டில் மை மாதிரிக் கறுத்திருந்தது.

ஊற்று நல்லது, தொட்டி கெட்டது என்றால், நடுவில் இருப்பது என்ன? ஐந்து சுருள் ஓஸ்.

யாரிடமும் சொல்லாமல் பைப்பைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தேன். மூன்று ஜாயின்ட் உலர்ந்த மேட்டில் நன்றாகவே இருந்தன. நான்காவது, என் சைக்கிள் டியூப் ஜாயின்ட், ஓடையோரம் ஒரு பள்ளத்தில் கிடந்தது. நாங்கள் போட்டபோது கோடை. அது பள்ளம் என்றே தோன்றவில்லை. இப்போது முழங்கால் அளவுக்குச் சேற்றுத் தண்ணீர் தேங்கி, ஜாயின்ட் அதற்குள் முங்கியிருந்தது. அதற்கு மேல் சரிவில் இருக்கும் மிளகுத் தோட்டத்துக்குத்தான் ஊரில் பாதிப் பேர் காலையில் 'ஒதுங்க'ப் போவார்கள். மழை அதை எல்லாம் கழுவிக் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தில் சேர்த்திருந்தது.

அப்போதும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. பைப்புக்குள் தண்ணீர் ஓடுகிறதே! ஜாயின்ட் ஓட்டை என்றால் தண்ணீர் வெளியேதானே பீச்ச வேண்டும்? வெளியிலிருந்து எப்படி உள்ளே போகும்? வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவின் சொட்டு நீல பாட்டிலை எடுத்துவந்து, அந்தப் பள்ளத்தில் ஜாயின்ட்டின் மேல் முழுவதையும் கவிழ்த்தேன். கீழே இறங்கி, தொட்டிக்குள் விழும் பைப் வாயில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டேன். பத்து நிமிஷம் இருக்கும். கிண்ணத்தில் நீலம் இறங்கியது.

ஹைட்ராலிக்ஸ் புத்தகத்தில் சைஃபன் என்று ஒரு பாடம் உண்டே, ஞாபகம் இருக்கிறதா? பைப் எந்த இடத்தில் ஹைட்ராலிக் கிரேடியன்ட் லைனுக்கு மேலே போகிறதோ, அங்கே உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக் காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. படம் போட்டு அம்புக்குறி போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். என் பைப்பில் நடந்தது இதுதான். மழையில் ஊற்றின் வாயில் இருந்த வலையை இலை, சருகு அடைத்துவிட்டது. மேலே வரும் தண்ணீர் குறைந்தது. ஜாயின்ட்டுக்குக் கீழே செங்குத்தான இறக்கம். அங்கே தண்ணீர் வேகமாக விழுந்து, பின்னால் வருவதை இழுத்தது. மேலே வரத்து இல்லை, கீழே இழுப்பு இருக்கிறது. நடுவில் இளகிய சைக்கிள் டியூப் ஜாயின்ட், சேற்றுக்குள்! ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சுகிற மாதிரி என் பைப் அந்தப் பள்ளத்தை உறிஞ்சி, ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. என் அக்கா மகளுக்கும்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன் நண்பர்களே, அந்த எண்ணம் வந்தது. டியூபை அவிழ்த்துவிட்டு, கிளாம்ப் போட்டு, பைப்பைத் தூக்கி மேட்டில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? இன்ஜினியர் பட்டமும் தப்பிக்கும். ஆனால் நீலம் இறங்கிய கிண்ணம் கையிலேயே இருந்தது. அதோடு, பட்டியலை எழுதியதும் என் கைதான். முப்பத்தொரு பெயரும் எனக்கு மனப்பாடம்.

முகாமுக்குப் போய் சாரிடம் கிண்ணத்தைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் என் தோளைத் தட்டினார். சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் ஊர் கூடியது. எழுந்து நின்று சொன்னேன். எந்த ஜாயின்ட், யார் போட்டது, எப்படி உள்ளே போனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்தான். அப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு மாமா மட்டும் எழுந்து, "படிச்சவன்னு நம்புனோம்பா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஊர்க் கவுண்டர்தான் பேசினார். "நீ கொண்டாந்த தண்ணி. நீயே போய் நிறுத்திட்டு வா. அப்புறம் நல்லபடியா நீயே கொண்டா."

பைப்பை ஊற்றிலேயே கழற்றிவிட்டேன். "இந்தப் பேதியை முதல்ல கொண்டாந்தது யாருன்னு கண்டுபிடிக்கணும்" என்று ஒருவர் குரல் எழுப்பியபோது சார் கையமர்த்தினார். "ஆளைத் தேடினா சண்டைதான் வரும். நமக்கு வழி தெரிஞ்சுபோச்சு, அதை அடைப்போம்."

அடுத்த பத்து நாள் நாங்கள் செய்த வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாளைக்கு உங்கள் ஊரிலும் உதவும்.

முதலில் தொட்டியைக் காலி பண்ணித் தேய்த்துக் கழுவினோம். புதிதாக ஊற்றுத் தண்ணீர் நிரப்பி பிளீச்சிங் பவுடர் போடவேண்டும். நம் புத்தகத்தில், ஆயிரம் லிட்டருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம் என்று பொதுக் கணக்கு இருக்கிறது. தொட்டி மூவாயிரம் லிட்டர். "ஏழரை கிராம் சார்!" என்று உடனே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு ஹாராக்ஸ் பெட்டியைத் திறந்தார். ஒரு கறுப்புக் கோப்பை, ஆறு வெள்ளைக் கோப்பைகள். கறுப்பில் இரண்டு கிராம் பவுடரைக் கரைத்துத் தெளியவிட வேண்டும். அந்தத் தெளிவை முதல் வெள்ளைக் கோப்பைத் தண்ணீரில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு என்று ஆறு வரை விட்டுக் கலக்கி, அரை மணி கழித்து ஸ்டார்ச் அயோடைடு சொட்டு விடவேண்டும். எந்தக் கோப்பையில் முதலில் நீலம் தெரிகிறதோ, அதன் எண்ணை இரண்டால் பெருக்கினால் 455 லிட்டருக்கு வேண்டிய கிராம். எங்கள் மழைக்காலத் தண்ணீருக்கு இரண்டாம் கோப்பை நீலமானது. அப்படியென்றால் 455 லிட்டருக்கு நான்கு கிராம், தொட்டிக்கு ஏறத்தாழ 26 கிராம்! மனப்பாடக் கணக்குக்கும் அளந்த கணக்குக்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். போட்டு ஒரு மணி நேரம் கழித்து, மீதிக் குளோரின் லிட்டருக்கு அரை மில்லிகிராம் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் குழாயைத் திறக்கவிட்டார். அடுத்த நாட்களிலும் தினமும் பார்த்தோம். பவுடர் பழசானால் வீரியம் போய்விடும் என்பதால், மூட்டையின் தேதியையும் பார்க்கச் சொன்னார்.

இரண்டாவது, வீடு வீடாக உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கூடவோ குறையவோ கூடாது. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில், சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலானாபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்துத்தான் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார் என்று டாக்டரம்மா சொன்னார். சிறு குழந்தைகளுக்குப் பதினான்கு நாள் துத்தநாக மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு விஷயத்தை டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். "ரத்தம் போறப்ப, வயித்தைக் கட்டற மாத்திரையைக் கடையில வாங்கிப் போடாதீங்க. கிருமி உள்ளயே தங்கிடும்." சீதபேதிக்குக் கரைசல் மட்டும் போதாது. ஆன்டிபயாட்டிக் வேண்டும். அதையும் டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். 1984-ல் மேற்கு வங்காளத்தில் பெரிய அளவில் சீதபேதி பரவியபோது, வழக்கமான மருந்துகள் பல அந்தக் கிருமியிடம் தோற்றுப்போயின.

மூன்றாவது, சோப்பு. பரிசோதனைக்கு அனுப்பியதில் 'ஷிகெல்லா' என்று ரிசல்ட் வந்தது. 1897-ல் ஜப்பானில் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் பேரைப் பிடித்த சீதபேதியின்போது, கியோஷி ஷிகா என்ற இளம் விஞ்ஞானி கண்டுபிடித்த கிருமி வகை அது. அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதன் கொடுமை என்னவென்றால், பத்து முதல் நூறு கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே போதும், நோய் வந்துவிடும். பேரன் துணி அலசிய பாட்டி ஏன் படுத்தாள் என்று இப்போது புரிகிறதா? தண்ணீரை நிறுத்தினாலும் கை வழியாக அது வீட்டுக்குள் சுற்றும். ஆகவே கழுவிவிட்ட பிறகும், சமைக்கும் முன்பும், ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நர்சம்மா ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து செய்து காட்டினார். விறகும் கிழங்கு மூட்டையும் அடைத்து வைத்திருந்த கழிப்பறைகளைக் காலி பண்ண வைத்ததும் அவர்தான். ஷிகெல்லாவுக்கு மனிதன்தான் இருப்பிடம், மாடு, ஆட்டின் மேல் பழி போட முடியாது என்று அவர் சொன்னதும் பலருக்கு வாயடைத்துப் போயிற்று.

அட்டவணையில் கட்டங்கள் குறைந்துகொண்டே வந்தன. தினமும் காலையில் நர்சம்மா, "இன்னிக்கு புதுசா எத்தனை?" என்று கேட்பார். நாலு, மூன்று, ஒன்று... ஒருநாள் "யாருக்கும் இல்லீங்க" என்று சொன்னேன். மறுநாளும் அதே பதில். அதற்குப் பிறகும் ஒரு வாரம் விடாமல் கேட்டுவிட்டுத்தான் பட்டியலை மூடினார்கள். யாரும் சாகவில்லை. குட்டி எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். வந்ததும் என் சட்டைப் பையில் கைவிட்டு மிட்டாய் தேடினாள். நான் வெளியே போய்விட்டேன்.

பிறகு பைப்பைத் திரும்பப் போட்டோம். இந்தத் தடவை பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு, மேட்டுப் பாதையில், மண்ணுக்குள் புதைத்து. எல்லா ஜாயின்ட்டுக்கும் முறையான கம்ப்ரஷன் ஃபிட்டிங். ஊற்றைச் சுற்றி மூடிபோட்ட சிறு தொட்டி கட்டி, வலையை வாரம் ஒருமுறை சுத்தம் பண்ண ஆள் வைத்தோம். கீழ்க் கோடியில் ஒரு வால்வு போட்டு, பைப் எப்போதும் நிரம்பி ஓடும்படி திறப்பைக் குறைத்து வைத்தேன். நிரம்பிய பைப்பில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியேதான் போகும், உள்ளே வராது. அப்புறம் தொட்டிக்கு 26 கிராம் கணக்கோடு நிற்காமல், ஒரு நோட்டும் வைத்தோம். யார், என்றைக்குக் குளோரின் போட்டார்கள், எவ்வளவு நின்றது என்று எழுத. பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள். லீவுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது அந்த நோட்டைத்தான்.

நண்பர்களே! நம்மில் பலர் அடுத்த வருஷம் சைட்டில் நிற்கப் போகிறோம். மெக்கானிக்கல்காரன் வெல்டிங் போடுவான், எலக்ட்ரிக்கல்காரன் எர்த் போடுவான், நான் பைப் போடுவேன். ஒரு கிளாம்ப் குறையும். மழை வரும், நேரமாகும், கீழே இறங்கிப் போக அலுப்பாக இருக்கும். "அப்புறம் மாத்திக்கலாம்" என்று நாக்கு வரை வரும். அப்போது என் ஊரின் முப்பத்தொரு பேரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் தப்பு நடந்துவிட்டால், விசாரிக்கிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருக்கு மேப் போட்டுக் கொடுங்கள். புள்ளிகள் உங்கள் பைப்பின் மேல் விழுந்தாலும் சரி, கையை எடுக்காதீர்கள்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது மேட்டு வீட்டு ஆயா தொட்டிக் குழாயில் குடம் வைத்துக்கொண்டு நின்றாள். ஆச்சரியமாகப் போயிற்று. "என்னங்க ஆயா, ரப்பர் வாடை அடிக்கலையா?" என்றேன்.

"இப்ப மருந்து வாடைதான் அடிக்குது" என்றாள் ஆயா. "ஆனா நீ தப்பைச் சொன்ன இல்ல கண்ணு... அதான் குடிக்கலாம்னு வந்தேன்."